பச்சை விளக்கு பணமல்ல

'தி கிரேட் கேட்ஸ்பி' (1925) நாவலைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அதில் வரும் பச்சை விளக்கைப் பணத்தின் குறியீடு என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. என்னால் ஏற்க முடியவில்லை. நாயகன் கேட்ஸ்பியின் பழைய காதலி டெய்சி. அவள் வீட்டுப் படகுத்துறையில் எரியும் அந்த விளக்கு, அவளே அருகில் வந்து நின்றதும் கேட்ஸ்பிக்கு வெறும் விளக்காகிவிடுகிறது. ஐந்தாம் அத்தியாயத்தில் நாவலாசிரியர் ஃபிட்ஸ்ஜெரால்டு இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். அது ஏக்கத்தின் விளக்கு. எட்டாதிருக்கும் வரைதான் அதற்கு ஒளி.

டெய்சியைப் பேராசைக்காரி என்பவர்கள், அவள் கேட்ஸ்பியின் சட்டைக் குவியலில் முகம் புதைத்து அழும் இடத்தை மறுபடி படிக்க வேண்டும். அவனைப் பிரிந்து கைநழுவிப்போன ஐந்து ஆண்டுகளுக்கான அழுகை அது என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும், கேட்ஸ்பியின் இறுதிச் சடங்குக்கு அவள் ஒரு பூகூட அனுப்பாததை என்னாலும் மன்னிக்க முடியவில்லை. அவன் நூலகத்தில் பக்கங்கள் வெட்டிப் பிரிக்கப்படாமலே, அதாவது படிக்கப்படாமலே, அடுக்கியிருக்கும் புத்தகங்களைப் பற்றியும் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம்.