பொருளாதாரத்தில் அரசியலைக் கலக்காதே என்பவர்களுக்கு

வரி, மானியம், கூலி, வட்டி என்று எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும், "இது பொருளாதாரம், இதில் அரசியலைக் கலக்காதீர்கள்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். ஏதோ பொருளாதாரம் தூய மழைநீராய் வானிலிருந்து இறங்குவது போலவும், அரசியல் அதில் சேற்றைக் கரைப்பது போலவும்! எனக்கு இந்தப் பேச்சின் மேல் நெடுநாள் எரிச்சல். வாங்குகிறவரும் விற்கிறவரும் சந்தையில் பேரம் பேசிக்கொள்ளட்டும். ஆனால் எதை விற்கலாம், அது யாருக்குச் சொந்தம், ஏமாற்றினால் யாரிடம் முறையிடுவது என்பதையெல்லாம் சந்தையா முடிவு செய்தது?

1833ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் நாடாளுமன்றம் தன் பெரும்பாலான காலனிகளில் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் இயற்றியது. கூடவே 2 கோடி பவுண்டு இழப்பீட்டையும் ஒதுக்கியது. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம் அது. இழப்பீடு யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் தொழில் பழகுநர்கள் என்ற பெயரில் 1838 வரை பழைய எசமானர்களிடமே பெரும்பாலும் கூலியின்றி உழைத்தார்கள். இழப்பீட்டுக்காக வாங்கிய கடன், வேறு கடன்களோடு கலந்து உருமாறி, 2015இல்தான் முழுதாகத் தீர்ந்தது.

ஹைட்டியின் கதை இன்னும் கொடியது. அடிமைகளாயிருந்த மக்கள் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து 1804இல் விடுதலை அறிவித்த கரீபியன் நாடு அது. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, பழைய தோட்ட முதலாளிகளின் நஷ்டத்துக்காக 15 கோடி பிராங்க் கேட்டது. பின்னர் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. முதல் தவணையைக் கட்டவே பாரிஸ் வங்கிகளிடம் கடன் வாங்க வேண்டியிருந்தது. கணக்கேட்டை மட்டும் புரட்டினால் அசல், வட்டி, தவணை எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். மனிதன் ஒரு சொத்து என்று அந்த ஏட்டின் முதல் வரியை எழுதியது சட்டமும் பீரங்கியும்.

அடிமை முறை பழங்கதை என்று தள்ளுவீர்களானால், இன்றைய நிறுவனங்களைப் பாருங்கள். நிறுவனம் திவாலானால் பங்குதாரர் தன் பங்குத் தொகையை மட்டும் இழந்தால் போதும், வீட்டை விற்றுக் கடன் அடைக்க வேண்டியதில்லை. இதை பிரிட்டனில் 1855இல் சட்டம் போட்டுத்தான் பொது வழக்கமாக்கினார்கள்.

எதிர்ப்பக்கம் நிற்கும் நண்பர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. பொருளாதாரமே அடித்தளம், அரசியல் அதன் நிழல் என்பார்கள் அவர்கள். 1929இல் தொடங்கிய பெருமந்தம் என்ற உலகப் பொருளாதார வீழ்ச்சி ஜெர்மனியையும் அமெரிக்காவையும் ஏறக்குறைய ஒரே கடுமையோடு தாக்கியது. 1933 ஜனவரியில் ஜெர்மனியில் சர்வாதிகாரியாகப் போகும் ஹிட்லர் பதவியேற்றார். மார்ச்சில் அமெரிக்காவில் மக்களாட்சிக்குள்ளேயே நின்ற அதிபர் ரூஸ்வெல்ட். நிழல் என்றால் இரண்டும் ஒரே வடிவில் அல்லவா விழுந்திருக்க வேண்டும்? காலிக் கஜானா ஆட்சியை ஆட்டிவைக்கும் என்பது மறுக்க முடியாதது. பிரான்சில் 1614க்குப் பின் கூடாத பிரதிநிதிகள் சபையை 1789இல் மன்னர் பதினாறாம் லூயி கூட்டியதே கடனை அடைக்க வழி தெரியாமல்தான். ஆனால் ஆட்டம் கண்ட பின் எந்தப் பக்கம் சாய்வது என்பதை மனிதர்கள் மோதித்தான் முடிவு செய்கிறார்கள்.

கடைசியாக ஒன்று: மத்திய வங்கி. 1979இல் பால் வோல்க்கர் தலைமையேற்றபின் அமெரிக்க மத்திய வங்கி விலைவாசியை அடக்க வட்டியைக் கடுமையாக உயர்த்தியது. விலைவாசி அடங்கியது. 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டது. அந்த வைத்தியம் தேவைப்பட்டது என்று வாதிடலாம். நானே பாதி ஒப்புக்கொள்வேன். ஆனால் பணவீக்கத்தால் சேமிப்பு கரைவதா, வட்டியால் வேலை போவதா என்ற கேள்விக்கு எந்தச் சூத்திரத்திலும் விடை கிடையாது. யாருக்கு வலிக்கட்டும் என்று அங்கே ஒரு தேர்வு நடந்தது. அதைச் செய்தவர்கள் எந்தத் தேர்தலிலும் நின்றவர்கள் இல்லை. அப்படி அவர்களை வாக்காளர்களிடமிருந்து தள்ளி உட்கார வைத்ததும் நாடாளுமன்றங்கள் இயற்றிய சட்டம்தான்.