பூசணித் துண்டும் தொக்கமும்

மகளுக்கு ஆறு மாதம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. மஞ்சள் பூசணியை நன்றாக வேகவைத்து, விரல் நீளத்துக்கு ஒரு துண்டு நறுக்கி அவள் முன்னால் வைத்தேன். எடுத்தாள். நசுக்கினாள். பாதியைக் காதில் பூசிக்கொண்டாள். மீதியை வாயில் வைத்ததும் ‘உவ்வே’ என்று ஓங்கரித்தாள், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அடுப்படியிலிருந்து அத்தை (மதுரைப் பக்கம் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) கரண்டியோடு ஓடிவந்தார். “ஏம்மா, பச்சப்பிள்ள கையில முழுசா குடுக்குறியே, தொக்கம் விழுந்துரும்மா!”

இந்த எட்டு மாதமாக இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பேபி லெட் வீனிங் என்ற பேரைச் சொன்னாலே ஒரு பக்கம் ‘வெள்ளைக்காரன் ஸ்டைல்’ என்று சிரிக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஸ்பூனைத் தொட்டாலே பாவம் என்கிற அளவுக்கு அதை ஒரு மதமாக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது.

முதலில் அந்தப் பேர். ‘வீனிங்’ என்றால் பாலை மறக்கடிப்பது என்றுதான் நமக்குத் தெரியும். நான் சொன்னதும் அத்தை, “அதுக்குள்ள வேப்பெண்ணெ தடவப் போறியா?” என்று பதறியதில் தப்பே இல்லை. இங்கிலாந்தில் அந்த வார்த்தைக்குப் பாலோடு கூட திட உணவைத் தொடங்குவது என்று அர்த்தம். ஜில் ராப்லி என்கிற பிரிட்டிஷ் செவிலியர் பரப்பிய பேர் இது. அங்கே குழந்தைக்கு எல்லாவற்றையும் கூழாக அடித்து ஸ்பூனில் ஊட்டுவது வழக்கமாகிப் போயிருந்தது. அதற்கு மாற்றாக, ஆறு மாதம் ஆகி, உட்கார வைத்தால் தலை நிற்கிற, உணவைப் பார்த்துக் கை நீட்டுகிற குழந்தைக்கு அதன் கையிலேயே கொடுத்துவிடுங்கள் என்றார். அவ்வளவுதான் விஷயம். தாய்ப்பால் அது பாட்டுக்குத் தொடரும். இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

இதில் எனக்குச் சிரிப்பு வரும் இடம் ஒன்று உண்டு. உலகத்திலேயே கையால் பிசைந்து சாப்பிடுகிற ஆட்கள் நாம். நம் வீட்டில்தான் குழந்தை தட்டில் கை வைத்தால் ‘ச்சீ, கொட்டாத’ என்று கையைத் தட்டிவிடுகிறோம். பக்கத்துத் தெருவில் நான்கு வயதுப் பையனுக்கு இன்னும் அவன் அம்மாதான் ஊட்டுகிறார். அவன் எல்கேஜி போகிறான், டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது.

தொக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பயம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. குழந்தை சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது என்றால் தொண்டையில் ஏதோ தங்கிவிட்டது என்று தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிப் போவது நம் ஊரில் இன்றும் உண்டு. வயிற்றை நீவி, ஊதி, உறிஞ்சி, கடைசியில் உள்ளங்கையில் ஒரு சோற்றுப் பருக்கையைக் காட்டுவார்கள். தொண்டையில் நிஜமாகவே ஒன்று அடைத்திருந்தால் தொக்கம் எடுப்பவர் வீடு வரைக்கும் குழந்தை தாங்காது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

ஓங்கரிப்பு வேறு, மூச்சடைப்பு வேறு. ஆறு மாதக் குழந்தைக்கு ஓங்கரிக்க வைக்கும் இடம் நாக்கில் நமக்கு இருப்பதைவிட முன்னாலேயே இருக்கும். துண்டு கொஞ்சம் பின்னால் நகர்ந்தாலே உடம்பு அதை வெளியே தள்ளும். சத்தம் வரும், முகம் சிவக்கும், அப்புறம் அதுவே அடுத்த வாய்க்குக் கை நீட்டும். மூச்சடைத்தால் சத்தமே வராது. இருமலும் இல்லை, அழுகையும் இல்லை, உதடு நீலமாகும். அப்போது குழந்தையை முன்கையில் தலை கீழே சரிந்திருக்குமாறு குப்புறப் போட்டு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. வரவில்லையென்றால் மல்லாத்தி, நெஞ்செலும்பின் மேல் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து அழுத்து. வெளியே வரும்வரை இதையே மாற்றி மாற்றிச் செய்யவேண்டும், பக்கத்தில் இருப்பவர் 108-க்கு அடிக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவக் கூடாது, இன்னும் உள்ளே போய்விடும். இதை ஒரு பொம்மையை வைத்து நானும் என் கணவரும் அத்தையும் பழகிப் பார்த்தோம். ஸ்பூனில் ஊட்டுகிறவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

நியூசிலாந்தில் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 206 தாய்மாரை இரண்டு குழுவாகப் பிரித்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தானே சாப்பிட்ட குழந்தைகளுக்கும் ஊட்டப்பட்ட குழந்தைகளுக்கும் மூச்சடைப்பில் வித்தியாசம் இல்லை. தானே சாப்பிட்டவை ஆறாவது மாதத்தில் அதிகம் ஓங்கரித்தன, எட்டாவது மாதத்தில் மற்றவற்றைவிடக் குறைவாக. ஆனால் அங்கே தாய்மாருக்கு எதை எப்படிக் கொடுப்பது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை விட்டுவிட்டு ‘ஆய்வே சொல்லிருச்சு’ என்று பச்சைக் கேரட்டை நீட்டுகிறவர்களை என்ன சொல்வது? இன்னொன்று, இப்படிச் சாப்பிட்டால் குழந்தை பிற்காலத்தில் குண்டாகாது என்று வீடியோக்களில் அடித்துச் சொல்கிறார்கள். அதே ஆய்வில் இரண்டு குழுவுக்கும் எடையில் வேறுபாடு இல்லை.

எங்கள் வீட்டில் முழு வேர்க்கடலை, பொரிகடலை, உருண்டைத் திராட்சை, வேகவைக்காத ஆப்பிள் துண்டு, பாப்கார்ன் எதுவும் அவள் பக்கம் போகாது. வேர்க்கடலையே கூடாது என்றில்லை. 2015-இல் லண்டனில் நடந்த ஆய்வு ஒன்றில், ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே வேர்க்கடலை கலந்த உணவைக் கொடுத்துவந்ததில் அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. ஆகவே நைசாகப் பொடித்துக் கஞ்சியில் ஒரு சிட்டிகை. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருக்கிற குழந்தைக்கு டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். தேன் மட்டும் ஒரு வயது வரை நாக்கில் தொடக்கூடக் கூடாது. பிறந்தவுடன் சர்க்கரைத் தண்ணியும் தேனும் தொட்டு வைக்கிற தாய்மாமன்கள் என்மேல் கோபப்பட்டால் பரவாயில்லை.

சரி, இப்போது என் ஆட்கள் பக்கம். ‘ஒரு வயசு வரைக்கும் சாப்பாடு சும்மா விளையாட்டுக்கு’ என்று ஒரு வசனம் உலவுகிறதே, அதைத்தான் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பிறக்கும்போது குழந்தை கொண்டுவரும் இரும்புச் சத்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்ந்துபோகும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இப்படி இருக்கும்போது வெள்ளரித் துண்டும் தர்பூசணியுமாகத் தட்டை அழகாக அடுக்கிப் போட்டோ எடுத்தால் குழந்தைக்கு என்ன கிடைக்கும்? (பருப்புத் தண்ணீரை வடித்துக் கொடுக்கிற பழைய பழக்கமும் இதே கணக்குத்தான். பருப்பு பெரியவர்களுக்கு, தண்ணீர் பிள்ளைக்கு.)

என் மகளின் தட்டில் இரண்டாவது வாரமே ஈரல் வந்துவிட்டது. ஆட்டு ஈரலை மிளகு தூக்கலாக இல்லாமல் வேகவைத்து நீளவாக்கில் நறுக்கிக் கொடுத்தேன், வாரத்துக்கு ஒருமுறை. சப்பியே முக்கால்வாசியை முடித்துவிடுவாள். முட்டையை முருங்கைக்கீரை போட்டு ஆம்லெட்டாக்கி கீற்றாக. மீன் என்றால் முள்ளை நான் இரண்டு முறை தடவிப் பார்த்த பிறகு. சைவ வீடுகளில் கேழ்வரகு, பயறு, கீரை இவற்றோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்பு உடம்பில் ஒட்டும். சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்புச் சத்து டானிக்கை ‘இயற்கைக்கு மாறானது’ என்று மறுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது புரியவே இல்லை. டாக்டர் சொன்னார், நான் கொடுத்தேன்.

அப்புறம் நேரம். இதை எழுதுகிற யாரும் நேரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தப்படி எனக்கு மகப்பேறு விடுப்பு 26 வாரம். பிரசவத்துக்கு முன் இரண்டு வாரம் எடுத்துவிட்டேன், மிச்சம் 24. அதாவது ஆறு மாதத்தில் திட உணவு தொடங்குவதற்குச் சற்று முன்பே நான் ஆபீசில். (தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம். பொறாமையோடு சொல்கிறேன்.) ஒரு பூசணித் துண்டுக்கு நாற்பது நிமிடம், அதைத் தரையிலிருந்து துடைக்க இருபது நிமிடம் என்றால், அதைச் செய்யப்போவது முட்டிவலி உள்ள அத்தை. அவரிடம் போய் ஸ்பூன் கூடாது, பிசையக் கூடாது என்று சட்டம் பேச எனக்கு வாய் வரவில்லை.

அதனால் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். காலையும் இரவும் நான் இருக்கும்போது அவள் கையில். மதியம் அத்தை அவர் வழக்கப்படி பருப்புச் சாதம் நெய் விட்டுப் பிசைந்து ஊட்டுவார். நான் கேட்டது இரண்டே விஷயம். முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிட வேண்டும். செல்போனைக் காட்டி ஊட்டக் கூடாது. இரண்டாவதை அத்தை உடனே ஒத்துக்கொண்டார், அவருக்கே போன் பிடிக்காது. முதலாவதுதான் பெரும்பாடு. ‘இன்னும் ஒரே ஒரு வாய்’ என்பது நம் ஊரில் பாசத்தின் வேறு பேர் அல்லவா? கிண்ணம் காலியாகாவிட்டால் ஊட்டியவருக்கே தோல்வி மாதிரி. ஒரு மாதம் கழித்து அவரே சொன்னார்: “வேணாம்னா வாயை மூடிக்கிறா, வேணும்னா என் கையப் பிடிச்சு இழுக்குறா. அவளுக்குத் தெரியுதும்மா.”

என் கருத்தெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. துண்டா, கூழா, ஸ்பூனா, விரலா என்பது எனக்கு அடுத்தபட்சம். போதும் என்று யார் சொல்வது, குழந்தையா, கிண்ணமா? தாய்ப்பால் குடித்த ஆறு மாதமும் எத்தனை மில்லி என்று யாரும் அளக்கவில்லை. அவளே குடித்தாள், அவளே விட்டாள். திடீரென்று சோற்றில் மட்டும் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று ஏன் முடிவு கட்டுகிறோம்? ஆறு முதல் எட்டு மாதத்தில் வெளி உணவிலிருந்து ஒரு நாளைக்குத் தேவைப்படுவது சுமார் 200 கலோரிதான், மற்றது பாலிலிருந்து. பக்கத்து வீட்டில் ‘பிள்ளை எளச்சிருச்சே’ என்று சொன்னபோது எனக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்தது. எடை வரைபடத்தை டாக்டர் காட்டிய பிறகுதான் தூங்கினேன். குறைமாதத்தில் பிறந்தவை, எடை ஏறாதவை, விழுங்குவதில் சிரமம் உள்ளவை என்றால் இந்த வீரமெல்லாம் வேண்டாம், டாக்டர் சொல்கிறபடி நடக்க வேண்டியதுதான்.

இப்போது அவளுக்குப் பதினான்கு மாதம். ஒன்பதாம் மாதவாக்கில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்க வந்ததும் சோற்றுப் பருக்கையை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். இட்லியைப் பிய்த்துச் சாம்பாரில் தோய்க்கிறாள். பாதி அவளுக்கு, பாதி எறும்புக்கு.

இதில் என்னை மடக்கியவர் மாமாதான், அதாவது என் மாமனார். போன வாரம் ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்தேன். திண்ணையில் அவர் மடியில் அவள், கையில் டீயில் நனைத்த பிஸ்கட். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கேட்டால், “அவளாத்தான் கை நீட்டிக் கேட்டா. பிள்ளை கேட்டாக் குடுக்கணும்னு நீதானம்மா சொன்ன?” என்கிறார். எவ்வளவு சாப்பிடுவது என்பதுதான் அவள் முடிவு, எதை நீட்டுவது என்பது நம் முடிவு என்று பதில் வாயில் இருந்தது. அவள் அந்த பிஸ்கட்டை மாமா வாயிலும் ஒரு கடி திணித்துக்கொண்டிருந்தாள். பேசாமல் உள்ளே போய்விட்டேன்.