சங்கம் போதுமாம், கட்சி எதற்காம்!

மே தினக் கூட்டத்தில் அந்த அண்ணன் பேசிய காணொளியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். “தொழிலாளிக்குச் சங்கம் போதும், தனியா கட்சி என்னத்துக்கு?” என்றார். கைதட்டல் வேறு. தட்டியவர்களில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறீர்கள். நல்லா இருங்க.

மேடையில் கம்யூனிஸ்ட் தலைவர் சிங்காரவேலர் படம். 1923 மே 1 அன்று சென்னையில் அவர் மே தினம் கொண்டாடியதே, தொழிலாளருக்கும் விவசாயிக்கும் கட்சி தொடங்கிய கையோடுதான். படத்துக்கு மாலை போட்டவர்களுக்கு இது தெரியாதா?

சங்கம் கேட்கத்தான் முடியும். சட்டம் எழுதுகிறவன் சபையில் உட்கார்ந்திருக்கிறான். பிரிட்டனில் டாஃப் வேல் ரயில்வே வேலைநிறுத்தத்துக்குச் சங்கம்தான் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று 1901-இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. 23,000 பவுண்டு! அதற்கப்புறம்தான் சங்கங்கள் விழித்துக்கொண்டன. 1906-இல் 29 பேர் ஜெயித்து உள்ளே போனார்கள், லேபர் கட்சி என்று பேர் வைத்தார்கள். அதே வருஷம், வேலைநிறுத்தத்துக்குச் சங்கத்திடம் நஷ்டஈடு கேட்க முடியாதபடி சட்டம் மாறியது. இங்கே சென்னையில் பின்னி ஆலை நிர்வாகம் வழக்குப் போட்டதில், தொழிலாளர் சங்கத் தலைவர் வாடியா சங்கத்தை விட்டே விலக வேண்டி வந்தது. 1926 தொழிற்சங்கச் சட்டம் வரும்வரை சங்கத்துக்குப் பாதுகாப்பே கிடையாது. கேட்கத்தான் முடியும், மறுபடியும் சொல்கிறேன்.

“1952 சென்னை சட்டமன்றத் தேர்தலில் உழைப்பாளர் கட்சி 19 இடம் ஜெயித்ததே, அது சாதிக் கட்சிதானே?” என்பீர்கள். ஆமாம். பேரைப் போட்டுக்கொண்டவர்களுக்கு நான் பொறுப்பில்லை. லேபர் கட்சிப் பிரதமர் டோனி பிளேரே சங்கங்களைத் தள்ளிவைத்தாரே என்று ஆரம்பிப்பவர்கள் தயவுசெய்து கிளம்பலாம். “2023-இல் தமிழ்நாட்டில் பன்னிரண்டு மணி நேர வேலை மசோதாவைச் சங்கங்கள்தானே விரட்டின?” சரி. ஏப்ரல் 21 அன்று அது நிறைவேறியபோது சபைக்குள் எதிர்த்து வெளிநடப்புச் செய்த கம்யூனிஸ்டுகள் யார், சங்கமா?

அப்பா வேலை பார்த்த மில்லைக் கதவடைத்தபோது எனக்குப் பத்து வயது. எட்டு மாசம். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது, திரும்பவேயில்லை. சங்கம் உயிரைக் கொடுத்துப் போராடியது, குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் மனு வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்கள்: “சட்டத்துல எடமில்லீங்க.” அப்பா ராத்திரி படுத்துக்கொண்டு அதையே முனகுவார். எடமில்லையாம்.

அண்ணா, அந்த எட்டு மாசமும் கடை கடையாக அரிசி வசூலித்து எங்கள் லைன் வீடுகளுக்குக் கொண்டுவந்தவர் உங்கள் அப்பா. அவர் எந்தச் சங்கத்திலும் இல்லை. சைக்கிளில் கட்சிக் கொடி கட்டியிருக்கும். அவரிடமும் கேட்டீர்களா, கட்சி என்னத்துக்கு என்று?