வோவுனான் மொழியின் ஒலிகளுக்கு ஸ்பானிய எழுத்து மட்டும் போதாது

பேச்சுத் தமிழில் 'வந்தான்', 'வந்தாள்' இரண்டையும் இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டிலும் கடைசி மெய் வாயில் நிற்பதில்லை. ஆண்பாலில் மட்டும் அந்த ஆகாரம் மூக்கின் வழியாகவும் வெளியேறுகிறது. வந்தது அவனா அவளா என்பதை அந்த மூக்கொலி ஒன்றே சொல்லிவிடுகிறது. நமக்குச் சொல்லின் இறுதியில் நேரும் இவ்வழக்கு, கொலம்பியாவின் சான் ஹுவான் ஆற்றங்கரையிலும் பனாமாவின் தாரியேன் காட்டுப்பகுதியிலும் வாழும் வோவுனான் மக்களின் மொழிக்கு அடித்தளமாகவே இருக்கிறது. வாயால் மட்டும் ஒலிக்கும் உயிர்கள், மூக்கொலி உயிர்கள் என அங்கே இரண்டு வகைகள் உண்டு; ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்தால் பொருள் மாறிவிடும்.

வல்லினம் இன்னும் நுட்பமானது. உதட்டருகே மெல்லிய தாளொன்றைப் பிடித்துக்கொண்டு 'பல்' என்று சொன்னால் தாள் பெரிதாக அசையாது. அத்தகைய பகரம் ஒன்று, தாளைத் தள்ளும் மூச்சோடு வெடிக்கும் பகரம் ஒன்று, 'கம்பு' என்பதில் வருவதுபோல் தொண்டை அதிர ஒலிக்கும் பகரம் ஒன்று என மூன்றையும் அவர்கள் வெவ்வேறு ஒலிகளாகவே கேட்கிறார்கள். தகரமும் ககரமும் அப்படியே. ஸ்பானியத்திலோ இவ்வரிசை இரண்டுதான்; உயிர்களும் ஐந்தே. உடன்பிறந்த மொழியான எம்பெராவில் அசைகள் பெரும்பாலும் உயிரில் முடிய, இவர்கள் தம்மைச் சுட்டும் 'வோவுன்' என்ற சொல்லே மெய்யில் முடிகிறது. வோவுன் என்றால் மனிதர், வோவுனான் என்றால் மக்கள், மேவு என்றால் பேச்சு.

இந்த மொழியை எழுதும்போது மூக்கொலியைக் காட்ட உயிரின் மேலிடும் நெளிகோட்டையும் (~) பிற குறிகளையும் அலங்காரம் போல விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழில் ன், ள் இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதச் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? கொலம்பியாவில் பழங்குடி மொழிகளுக்கான சட்டமும், பனாமாவில் அம்மொழிகளையும் அவற்றின் நெடுங்கணக்குகளையும் ஏற்கும் சட்டமும் 2010ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. ஆனால் ஆயுத மோதல்களால் சான் ஹுவான் கரையைவிட்டுப் புவனவென்துரா போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சுற்றிலும் ஸ்பானியமே ஒலிக்கிறது. வீட்டில் கேட்ட மூன்று பகரங்களையும் இரண்டாகச் சுருக்கித்தான் எழுத முடியும் என்று ஒரு குழந்தை பழகிவிட்டால், பிழை அதன் காதில் இல்லை, நாம் கொடுத்த எழுத்தில்தான் இருக்கிறது.

ஆகவே பாடநூல் எழுதுவோர் முதலில் ஊர்ப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு, பிறகு எழுத்தை முடிவு செய்ய வேண்டும். ஸ்பானிய விசைப்பலகையில் 'எஸ்பான்யா' என்று எழுதத் தேவையான நெளிகோட்டு எழுத்து ஒரே தட்டலில் கிடைக்கிறது. அதே நெளிகோடு வோவுனான் உயிர்களின் மேலும் அவ்வளவு எளிதாகக் கிடைக்க வேண்டும்.