வாட் இரட்டித்தால் சத்தம் இரட்டிக்காது

“100 வாட் ஆம்ப்ளிஃபையர் 50 வாட்டைவிட இரண்டு மடங்கு சத்தம் தரும், கடன் வாங்கியாவது பெரியதை வாங்குங்கள்” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல்தான் (டெசிபெல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு). காதுக்கு அது லேசான வித்தியாசம். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்! ஆனால் 87 டெசிபெல் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 90 உள்ளதை எடுத்தால், அதே 50 வாட்டிலேயே அந்த 3 டெசிபெல் கிடைத்துவிடும். முதலில் ஸ்பீக்கரைப் பாருங்கள். வீட்டு அறையில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்க ஓரிரு வாட்டே பெரும்பாலும் போதும்.

அப்புறம், பெட்டியில் பிஎம்பிஓ (கண நேர உச்ச வாட் என்று விளம்பரத்துக்குப் போடும் எண்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் நம்பவே வேண்டாம். 8 ஓம் ஸ்பீக்கரில் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) எவ்வளவு என்று கேளுங்கள்.