ரஜ்ஜு தட்டுது என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவர்களுக்கு

அந்த ஸ்கிரீன்ஷாட்டை நான் மறுபடி இங்கே போடப் போவதில்லை. எல்லோரும் பார்த்தாயிற்று. கல்யாணப் பொருத்தம் பார்க்கிற ஒரு செயலியில் எடுத்தது. பெண் அஸ்தம் நட்சத்திரம், பையன் திருவாதிரை, பத்துப் பொருத்தத்தில் ஆறு, ரஜ்ஜு என்ற இடத்தில் சிவப்புக் கட்டம். நட்சத்திரங்களைப் பாதம் முதல் தலை வரை ஐந்து உறுப்பாகப் பிரித்து, இருவரும் ஒரே உறுப்பில் விழுந்தால் ஆகாது என்பதுதான் ரஜ்ஜு; கழுத்தில் விழுந்தால் மனைவி உயிருக்கு ஆகாது என்பார்கள். தட்டு மாற்றி, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டிய பிறகு பையனின் சித்தப்பா யாரோ செல்போனில் தட்டிப் பார்த்தாராம், கல்யாணம் நின்றது. அது அவர்கள் குடும்ப விஷயம். என்னை எழுத வைத்தது கீழே குவிந்த கமெண்டுகள். "கழுத்து ரஜ்ஜு, நல்லவேளை பொண்ணு பிழைச்சுது" என்று ஒரு கூட்டம். "ஜோசியக்காரனை எல்லாம் தூக்கி உள்ளே போடணும்" என்று இன்னொரு கூட்டம். நானும் ஜோசியம் பார்க்கிறவன்தான். ஐயா, இந்தக் கதையில் ஜோசியர் எங்கே வந்தார்? சித்தப்பாவும் ஒரு செயலியும்தானே இருக்கிறார்கள்?

பத்துப் பொருத்தம் என்பது ஜாதகப் பொருத்தம் இல்லை. இரண்டு பேரின் ஜன்ம நட்சத்திரத்தையும் ராசியையும் மட்டும் வைத்துப் போடுகிற கணக்கு அது. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளில் பிறந்த அத்தனை குழந்தைகளுக்கும் அஸ்தம்தான். ஆனால் அதே ஒரு நாளுக்குள் லக்னம், அதாவது பிறக்கிற நேரத்தில் கிழக்கே உதிக்கிற ராசி, பன்னிரண்டு ராசியையும் சுற்றிவிடும், சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று வீதம். வாழ்க்கைத் துணையைச் சொல்கிற களத்திர ஸ்தானமான ஏழாம் இடம், குடும்ப ஸ்தானமான இரண்டு, பெண்ணுக்கு மாங்கல்யம் பார்க்கிற எட்டு எல்லாமே லக்னத்தோடு சேர்ந்து மாறும். செயலியில் அந்தச் சித்தப்பா பிறந்த நேரம் போட்டாரா? ஸ்கிரீன்ஷாட்டில் லக்னமே இல்லை. இரண்டு நட்சத்திரம், ஒரு மதிப்பெண். அதற்குப் பெயர் ஜாதகம் பார்த்ததாம்.

சரி, ரஜ்ஜுவுக்கே வருவோம், அதில்தானே எல்லோரும் மேதை. அசுவினி பாதம், பரணி தொடை, கார்த்திகை வயிறு, ரோகிணி கழுத்து, மிருகசீரிடம் தலை. இதுவரை ஏறுமுகம், அதாவது ஆரோகணம். அடுத்து திருவாதிரை கழுத்து, புனர்பூசம் வயிறு, பூசம் தொடை, ஆயில்யம் பாதம். இது அவரோகணம். மகத்தில் மறுபடி பாதத்தில் தொடங்கி இதே ஒன்பது படி, மூலத்தில் இன்னொரு முறை. இப்போது எண்ணிப் பாருங்கள். அஸ்தம் ஏறுகிற கழுத்து, திருவாதிரை இறங்குகிற கழுத்து. ஒரே ரஜ்ஜுவானாலும் ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் மத்திமம், அதாவது நடுத்தரம் என்று எடுத்துக்கொள்கிற வழக்கம் உண்டு. செயலிக்கு அது தெரியுமா? அதற்குத் தெரிந்தது பச்சை, சிவப்பு.

இன்னொன்று. ஆணும் பெண்ணும் ஒரே நட்சத்திரம் என்றால் ரஜ்ஜுவும் தானாக ஒன்றாகிவிடும். ஆனாலும் ஏக நட்சத்திரத்தில் சிலவற்றை உத்தமம் என்று சேர்க்கிறார்கள்: ரோகிணி, திருவாதிரை, மகம், அஸ்தம், விசாகம், திருவோணம், உத்திரட்டாதி, ரேவதி. அஸ்தமும் திருவாதிரையும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். விதியும் விலக்கும் சேர்ந்துதான் சாஸ்திரம். விதியை மட்டும் படித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம் சத்தம் போடுகிறார்கள்.

பெண் செத்துவிடுவாள் என்று எழுதியவர்களுக்கு ஒரு கணக்கு. தலை ரஜ்ஜுவில் மூன்று நட்சத்திரம், மற்ற நான்கிலும் ஆறு ஆறு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் நூற்றுக்கு 21 ஜோடி ஏக ரஜ்ஜுவில், அதாவது ஒரே ரஜ்ஜுவில்தான் விழும். ஐந்தில் ஒன்று. நட்சத்திரமே பார்க்காமல் நடக்கிற காதல் கல்யாணங்களில், கிறிஸ்தவ, முஸ்லிம் வீடுகளில், உலகம் முழுக்க ஐந்தில் ஒன்று. ரஜ்ஜு தட்டினால் வரும் என்று பயமுறுத்துகிறபடி அவர்களெல்லாம் தாலி இறங்கியும் மனைவியை இழந்தும் பிள்ளையில்லாமலும் சொத்தை விற்றும் திரிகிறார்களா?

"அப்படியானால் ரஜ்ஜுவே பொய் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள்" என்று பகுத்தறிவு நண்பர்கள் ஓடி வருவார்கள் என்று தெரியும். வாங்க. ரஜ்ஜு பத்தில் ஒரு சல்லடை. சல்லடையில் நின்றதை எடுத்து ஜாதகத்தை விரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் சொல்கிறேன். ஜோசியத்தை நம்பச் சொல்லி யாரையும் நான் கூப்பிடவில்லை. நம்பாதவர் பார்க்காமல் கட்டிக்கொள்ளட்டும், வாழ்த்துகிறேன். நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு பாதியில் நிறுத்துகிறவரைத்தான் கேட்கிறேன்.

முழுதாகப் பார்ப்பது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: முதலில் இரண்டு ஜாதகமும் ஒரே பஞ்சாங்கத்தில் கணித்ததா என்று பாருங்கள். இங்கேதான் முக்கால்வாசிக் குழப்பம். பெண் வீட்டில் பழைய வாய்பாட்டில் கணிக்கிற வாக்கியப் பஞ்சாங்கம், பையன் வீட்டில் இன்றைய வானியல் கணக்கில் கணிக்கிற திருக்கணிதம். நட்சத்திரம் முடிகிற நேரம் இரண்டிலும் வித்தியாசப்படும். எல்லையில் பிறந்த குழந்தைக்கு நட்சத்திரமே மாறும். சனிப்பெயர்ச்சியில் பார்த்தீர்களே, திருக்கணிதப்படி 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது, திருநள்ளாற்றில் வாக்கியப்படி 2026தான் என்றார்கள். ஒரு ஜாதகத்தை ஒன்றிலும் மற்றதை இன்னொன்றிலும் வைத்துப் பொருத்தம் பார்த்தால் எது வந்தாலும் அர்த்தமில்லை. பிறந்த நேரத்தையும் ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஒப்பிடுங்கள், பாட்டி சொன்ன "விளக்கு வைக்கிற நேரம்" போதாது.

அதற்குப் பிறகு ஏழாம் இடம், அதன் அதிபதி, சுக்கிரன், குரு பார்வை. பிறகு தோஷ சாம்யம், அதாவது இரண்டு ஜாதகத்திலும் தோஷம் சமமாக இருக்கிறதா என்பது. செவ்வாய் லக்னத்துக்கு 2, 4, 7, 8, 12ல் இருந்தால் தோஷம். பன்னிரண்டில் ஐந்து வீடு, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணினால் ஊரில் பெரும்பாலோர் உள்ளே வந்துவிடுவார்கள். அதனால்தான் செவ்வாய் சொந்த வீட்டில் இருக்கிற ஆட்சி, அதிக பலம் பெறுகிற உச்சம், குரு சேர்க்கை, கடக சிம்ம லக்னம் என்று இத்தனை விலக்கு. இதையெல்லாம் பார்க்காமல் "செவ்வாய் தோஷக்காரி" என்று முத்திரை குத்தி எத்தனை பெண்களை வருஷக்கணக்கில் வீட்டில் உட்கார வைத்திருக்கிறோம்.

தசா சந்தி யாராவது பார்த்தார்களா? ஒவ்வொரு கிரகமும் முறை வைத்து ஆளுகிற காலம் தசை; இரண்டு பேருக்கும் அது ஒரே சமயத்தில் மாறுவதுதான் தசா சந்தி. இதே ஜோடியையே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அஸ்தத்துக்குப் பிறக்கும்போது சந்திர தசை இருப்பு, அதாவது மீதி, 6 வருஷம் என்றால், செவ்வாய் 7, ராகு 18 சேர்த்து 31 வயதில் ராகு தசை முடியும். திருவாதிரைக்கு ராகு இருப்பு 17 என்றால், குரு 16 சேர்த்து 33ல் குரு தசை முடியும். பையன் இரண்டு வயது மூத்தவனாக இருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே வருஷத்தில் தசை மாறும். நான் யோசிப்பது இந்த மாதிரி இடத்தில்தான். செயலியின் பத்துக் கட்டத்தில் இதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

மூல நட்சத்திரப் பெண் என்றால் மாமனாருக்கு ஆகாது என்ற கதையும் இதே ரகம். பல முகூர்த்த நூல்கள் சொல்வது முதல் பாதத்தை, அதாவது நட்சத்திரத்தின் முதல் கால் பங்கை மட்டும். ஊர் நான்கு பாதத்தையும் சேர்த்துத் தள்ளி வைத்துவிட்டது. அதற்குப் பயந்து "ஐந்து நிமிஷம் தள்ளிப் போட்டு எழுதிக் கொடுங்களேன்" என்று பெற்றவர்கள் கேட்பது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம். தள்ளிப் போட்டால் என்ன வரும்? அடுத்த நட்சத்திரமான பூராடம். அதற்கும் "பூராடம் நூலாடாது", கழுத்தில் தாலிக்கயிறு நிலைக்காது என்று ஒரு பழமொழி தயார். ஆயில்யம் மாமியாருக்கு, கேட்டை மூத்த மைத்துனருக்கு, விசாகம் இளைய மைத்துனருக்கு. எல்லாம் பெண்ணுக்கு மட்டும். பையனின் நட்சத்திரம் மாமியாரை என்ன செய்யும் என்று யாரும் பழமொழி கட்டவில்லை.

"பெரியவர்கள் நல்லதுக்குத்தான் செய்தார்கள்" என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். நல்லதுக்கு என்றால் பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும். ஜாதகம் வாங்குவதும் பார்ப்பதும் முதல் வேலை, தட்டு மாற்றுவது கடைசி. தட்டு மாறிய பிறகு ரஜ்ஜு ஞாபகம் வந்தால் எனக்குச் சந்தேகம் ரஜ்ஜு மேல் வராது. பவுன் கணக்கில் என்ன குறைந்தது, இதைவிடப் பெரிய இடம் ஏதாவது வந்ததா என்றுதான் கேட்கத் தோன்றும். "ஜாதகம் சேரலை" என்பதைப் போல வசதியான பொய் தமிழ்நாட்டில் வேறு கிடையாது. சொன்னவருக்கு உறுத்தல் இல்லை, கேட்டவர் வாதாட முடியாது, பழி எங்கள் தலையில். கழுத்து ரஜ்ஜுக்காரி என்று இத்தனை பேர் எழுதிவிட்டீர்கள். அடுத்து வருகிற வரனின் வீட்டில் இதைப் படிக்காமலா இருப்பார்கள்?

"நீங்களும் காசு வாங்கிக்கொண்டுதானே பார்க்கிறீர்கள்?" ஆமாம், வாங்குகிறேன். அடுத்த கேள்வி.

இன்பாக்ஸில் இரண்டு நட்சத்திரத்தை மட்டும் தட்டி "சேருமா சார்?" என்று கேட்டிருப்பவர்கள் பிறந்த தேதி, நேரம், ஊர், எந்தப் பஞ்சாங்கம் என்பதோடு ராசி, நவாம்சக் கட்டமும் அனுப்புங்கள். தட்டு மாற்றியாகிவிட்டது என்றால் அனுப்பவே வேண்டாம்.