டயலுக்கு மறுபூச்சு செய்திருந்தால் அதை எழுதிவிட்டு விற்க வேண்டும்

இணையத்தில் பழைய கைக்கடிகாரங்களை விற்பவர்கள், அவற்றில் செய்யப்பட்ட மாற்றங்களை வாங்குபவர் கேட்காமலேயே எழுதித் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டயலுக்கு மறுபூச்சு நடந்திருக்கிறதா, முட்கள் பின்னாளில் போடப்பட்டவையா, கேஸ் எனப்படும் வெளிக்கூடு பாலிஷ் செய்யப்பட்டதா, மூவ்மென்ட் எனப்படும் உள்ளே ஓடுகிற இயந்திரம் அந்தக் கேஸுக்கு உரியதுதானா என்பவற்றையெல்லாம் வாங்குபவரே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடும் வழக்கம் இந்த வணிகத்தில் ஊறிப்போயிருக்கிறது. பொருளைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பின்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லி வாங்கிய காலத்தில் அதில் ஓரளவு நியாயம் இருந்தது. விற்பவர் தேர்ந்தெடுத்துப் போட்ட நான்கைந்து படங்களை மட்டும் நம்பிப் பணம் கட்டுகிற இடத்தில் அந்த நியாயம் செல்லாது.

மாற்றம் செய்ததையே நான் குற்றமாகச் சொல்லவில்லை. இன்று சேகரிப்பாளர்கள் தேடுகிற வாட்ச்சுகள் ஒரு காலத்தில் அன்றாடம் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர்களுடையவை. ஈரம் இறங்கி டயல் கறுத்தால், பழுது பார்ப்பவர் அதைக் கழற்றி மறுபூச்சுக்கு அனுப்புவார். புதுசு போல் திரும்பி வந்ததில் உரிமையாளருக்கும் மகிழ்ச்சியாகவே இருந்திருக்கும். கண்ணாடி, விசை தரும் சுருள்வில்லான மெயின் ஸ்பிரிங், சாவி கொடுக்கும் திருகான கிரவுன் ஆகியவை தேயும் பாகங்கள். அவற்றை மாற்றாமல் ஒரு வாட்ச்சை அரை நூற்றாண்டு ஓட்டுவது கடினம். தயாரிப்பு நிறுவனங்களின் சர்வீஸ் மையங்களே பழைய டயலையும் முட்களையும் எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்திக் கொடுத்திருக்கின்றன. அவை யாரையும் ஏமாற்றச் செய்யப்பட்டவை இல்லை. அதே வாட்ச்சை "முழுக்க அசல்" என்று சொல்லி, அசலுக்குரிய விலையைக் கேட்கும்போதுதான் ஏமாற்று தொடங்குகிறது.

அண்மையில் நான் இணையம் வழியாக வாங்கிய, 1960களைச் சேர்ந்த, ஒமேகா நிறுவனத்தின் சீமாஸ்டர் வாட்ச் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். "அசல் நிலை, முழு சர்வீஸ் முடிந்தது" என்பதே விற்பனைக் குறிப்பு. படங்களில் கண்ணாடியின் மேல் விழுந்த வெளிச்சம் டயலின் கீழ்ப்பாதியை மறைத்திருந்தது. கைக்கு வந்தபின் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், பெயர் எழுத்துகளின் விளிம்பில் மை லேசாகப் பரவியிருந்தது. மணிக்குறிகள் தனித்தனி உலோகத் துண்டுகள். பூச்சு முடிந்த டயலின் மேல் அவற்றைப் பதிப்பதுதான் தொழிற்சாலை முறை. இதிலோ பூச்சு அந்தத் துண்டுகளின் அடிவிளிம்பில் ஏறி, சிறு கரை கட்டி நின்றது. நிமிடக் கோடுகளில் சில, மணிக்குறிகளின் நடுவுக்கு நேராக வராமல் விலகியிருந்தன. எல்லாவற்றையும் விடத் தெளிவான சாட்சி முட்களில் இருந்தது: இருட்டில் ஒளிரும் பூச்சு முட்களில் உண்டு, டயலில் ஒரு புள்ளி கூட இல்லை. முட்களில் ஒளிரும் பூச்சு இருந்து டயலில் இல்லாமல் போனால், இரண்டில் ஒன்று பின்னால் மாற்றப்பட்டிருக்க வேண்டும்.

விற்பவரிடம் கேட்டபோது, "நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது, எனக்கு அவ்வளவு விவரம் தெரியாது" என்றார். பின்மூடியில் இருந்த ஒரு கீறலை வைத்துத் தேடியதில், அதே வாட்ச்சின் முந்தைய விற்பனைக் குறிப்பு கிடைத்தது. டயல் மறுபூச்சு செய்யப்பட்டது என்று அதில் ஒரு வரி இருந்தது. இவர் எழுதிய குறிப்பில் அந்த ஒரு வரி மட்டும் இல்லை, விலையோ கணிசமாக ஏறியிருந்தது. இதை எதிரே வைத்துப் பேசிய பிறகுதான் பணம் திரும்பியது. அந்தப் பழைய குறிப்பு இணையத்திலிருந்து நீக்கப்பட்டிருந்தால், எனக்குப் பின் வாங்குபவரிடமும் அது அசல் என்றே போய்ச் சேர்ந்திருக்கும். இப்படி ஒரு கை மாறும்போது விடுபட்ட தகவல், அதற்குப் பின் எத்தனை கை மாறினாலும் திரும்பி வருவதில்லை.

"தெரியாது" என்ற பதிலை நான் எளிதில் ஏற்பதில்லை, ஏனென்றால் இவற்றில் பல சோதித்து அறியக்கூடியவை. 1960களுக்கு முன் ஒளிரும் பூச்சில் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கலந்தார்கள். 1960களிலிருந்து டிரிட்டியம் என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள் அதன் இடத்தைப் பிடித்தது. கதிரியக்கம் இல்லாத பூச்சுகள் பரவலானது 1990களில்தான். டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 12 ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். எனவே 1960களின் டிரிட்டியம் டயல் இன்று தானாக ஒளிர வழியில்லை. விளக்கருகே பிடித்துவிட்டு இருட்டில் வைத்தால் அது நெடுநேரம் பச்சையாக மின்னுகிறது என்றால், யாரோ பிற்காலப் பூச்சை அதில் வைத்திருக்கிறார்கள். இதைப் பார்க்க ஒரு டார்ச் விளக்கு போதும். ரேடியத்தின் கதை வேறு. அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். ஒளி அணைந்துபோன டயலிலும் கதிரியக்கம் அப்படியே இருக்கும், உதிர்ந்த தூள் மூச்சில் போனால் தீங்கு. அதைச் சொல்லாமல் விற்பது, நாளை அந்தப் பின்மூடியைத் திறக்கப்போகும் பழுது பார்ப்பவருக்கும் செய்கிற கேடு.

கேஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டையைத் தாங்கும் கொம்புகளின் விளிம்புகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது கூர்மையாக இருக்கும். திரும்பத் திரும்பப் பாலிஷ் போட்டால் அவை தேய்ந்து, பாதி கரைந்த சோப்புக் கட்டி போல் உருண்டுவிடும். பளபளப்பைப் பார்த்து மயங்குபவர்களுக்கு, அது உலோகத்தைச் சுரண்டி எடுத்து வந்த பளபளப்பு என்பது படத்தில் தெரியாது. முட்களையும் டயலையும் தேடிப்பிடித்து மாற்றிவிடலாம், தேய்ந்துபோன உலோகத்துக்கு அந்த வழி கிடையாது. லேசர் வெல்டிங் செய்து மறுபடி செதுக்கினாலும் அது இன்னொரு மாற்றமாகவே சேரும்.

வாங்குபவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் போதும் என்று வாதிடுபவர்கள் ஒரு நிகழ்வை நினைத்துப் பார்க்க வேண்டும். 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் என்ற ஏல நிறுவனம் நடத்திய ஏலத்தில், 1957ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாட்ச் ஒன்று (மாடல் எண் 2915-1) 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோனது. அது வாங்கப்பட்டது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகத்துக்காக. பல வாட்ச்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டப்பட்டது அது என்று 2023இல் தெரியவந்தது. தன் முன்னாள் ஊழியர்கள் சிலருக்கே அதில் தொடர்பு இருந்ததாக நிறுவனம் அறிவித்தது. பழைய ஆவணங்களைக் கையில் வைத்திருக்கிற நிறுவனத்துக்கே இந்த நிலை என்னும்போது, ஃபோன் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிற ஒருவர் மீது முழுப் பொறுப்பையும் சுமத்துவது அநியாயம்.

ஏமாறாமல் இருக்கவும், ஏமாந்துவிட்டால் பணத்தை மீட்கவும் செய்ய வேண்டியவற்றில் வரிசை முக்கியம். விற்பனைக் குறிப்பை அதன் படங்களோடு பணம் கட்டும் முன்பே சேமித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னால் அது திருத்தப்படலாம். டயல், முட்கள், கிரவுன், மூவ்மென்ட் ஆகிய ஒவ்வொன்றும் அசலா என்ற கேள்வியையும் பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும். "என் அறிவுக்கு எட்டியவரை" என்ற பதில் வந்தால், பின்மூடியைத் திறந்து எடுத்த படத்தைக் கேட்கலாம். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வைப்பது நல்லது. சந்தேகம் வந்ததும் வாட்ச்சைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துக் கழற்றச் சொல்லக் கூடாது. பாகத்தை மாற்றியது நீங்கள்தான் என்று விற்பவர் சொல்ல இடம் கொடுத்துவிடுவோம். முதலில் விற்பனைத் தளத்தில் முறைப்படி புகார் பதிந்து, அதன் கால வரம்பு முடியும் முன் பதில் வாங்க வேண்டும். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று விற்பவர் நாட்களைக் கடத்துவது பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்ட வைக்கத்தான்.

இவ்வளவு பாடும் வாங்குபவர் தலையில் விழுவதற்குக் காரணம், விற்பனைப் படிவத்தில் "நிலை" என்று ஒரே ஒரு கட்டம் இருப்பதுதான். டயல், முட்கள், ஒளிப்பூச்சு, கேஸ், கிரவுன், மூவ்மென்ட் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம் வைத்து, அசல், மாற்றியது, மறுபூச்சு, சரிபார்க்கவில்லை என்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் விற்பனைக்கு வைக்க முடியாதபடி தளங்கள் செய்ய வேண்டும். "சரிபார்க்கவில்லை" என்று ஒருவர் நேர்மையாகக் குறித்தால்கூட, அதற்கேற்ற விலையை வாங்குபவர் கேட்டுக்கொள்வார்.